மந்திர உலகில் ஒரு சக்கர நாற்காலி

ஒரு மேசை, அதைச் சுற்றி நான்கைந்து பேர், ஆளுக்கொரு தாளும் பென்சிலும், நடுவில் இருபது முகம் கொண்ட ஒரு பகடை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட இவ்வளவு போதும். அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974ல் வெளிவந்த ஆட்டம் இது. ஐம்பது வயதைத் தாண்டியும் இளமை குறையவில்லை. ‘ஸ்டிரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் தொடக்கத்தில் நான்கு சிறுவர்கள் கத்திக்கொண்டே விளையாடுவார்களே, அதுதான்.

விளையாடிப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் போர்வீரராகவோ மந்திரவாதியாகவோ திருடராகவோ பூசாரியாகவோ வாழ்வார்கள். “எதிரே ஒரு குகை. உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். என்ன செய்கிறீர்கள்?” என்று கதைசொல்லி கேட்பார். “மெதுவா எட்டிப் பார்க்குறேன்” என்பார் ஒருவர். எட்டிப் பார்த்தாரா, கால் இடறி விழுந்தாரா என்பதைப் பகடை சொல்லும்.

எங்கள் குழுவில் கதைசொல்லி நான். வார நாள்களில் வானொலியில் பேசிப் பிழைக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு, சம்பளம் இல்லாமல் பேசுகிறேன். எனக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். வானொலியில் படம் கிடையாது. மழை பெய்கிறது என்று நான் சொன்னால்தான் மழை. இந்த ஆட்டத்திலும் அப்படியே. திரைப்படம் என்றால், படப்பிடிப்புக்குப் போன இடத்தில் மாடிப்படி ஏற்கெனவே இருக்கும். இங்கே நான் சொல்லாத படிக்கட்டு இல்லவே இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் என்னைச் சேர்த்து ஐந்து பேர். மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர். காதில் செவித்துணைக் கருவி அணியும் என் கல்லூரித் தோழர். பிறகு என் சித்தி மகள். வயது 27, மென்பொருள் சோதிக்கும் வேலை. சிறுவயதிலேயே தசைகள் பலவீனமாகிவிட்டதால் பத்து வயதிலிருந்து சக்கர நாற்காலிதான்.

முதல் நாள் நாங்கள் விளையாடத் தேர்ந்தெடுத்தது லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. மேசை விளையாட்டுகளுக்கென்றே நடத்தப்படும் இடம். சிராங்கூன் சாலைப் பக்கத்து ஐந்தடிப் பாதைகளில் நடந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கடை வாசல் உயரம், அடுத்தது பள்ளம், நடுவில் ஒரு படி, அதன்மேல் பூக்கூடை. அதையெல்லாம் சுற்றிக் கடந்து வந்து சேர்ந்தால், உள்ளே செங்குத்தாக ஒரு மரப்படிக்கட்டு. மின்தூக்கி இல்லை. டிராகனோடு சண்டை போடப் பெயரும் ஊரும் எழுதி எடுத்துக்கொண்டு வந்தவள், பக்கத்து உணவுக்கடையில் உட்கார்ந்து எங்களோடு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த முறையிலிருந்து ஆட்டம் ஈசூனில், சித்தி வீட்டு வரவேற்பறையில்.

“என்னடா இது, சகுனி மாதிரி பகடை உருட்டிக்கிட்டு!” என்றார் சித்தி, சுண்டல் கிண்ணத்தை வைத்தபடி. ஆனாலும் பக்கத்து நாற்காலியை விட்டு நகரவில்லை.

அன்று எல்லாரும் தங்கள் பாத்திரத்தை அறிமுகப்படுத்தினார்கள். சித்தி மகளின் பாத்திரம், குள்ளர் இனத்தைச் சேர்ந்த ஓர் இயந்திரக் கைவினைஞர். சுரங்கம் இடிந்து இரண்டு கால்களும் போனவள். இரும்பையும் பித்தளையையும் உருக்கித் தனக்கான சக்கர நாற்காலியைத் தானே செய்துகொண்டவள். சக்கரத்தின் விட்டம், அச்சின் எடை உட்பட எல்லாம் தாளில் வரைந்திருந்தாள்.

தாதி நண்பர் நல்ல மனத்தோடுதான் கேட்டார்: “இந்த உலகத்துலதான் மந்திரம் இருக்கே? போன காலையே திரும்ப வளர வைக்கலாம். அப்புறம் எதுக்கு நாற்காலி?”

விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு மந்திரம் உண்டு. பெயர் ‘ரீஜெனரேட்’. துண்டான கை கால்களை மீண்டும் வளரவைக்கும்.

சித்தி மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். “அண்ணே, கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு, எங்க போனாலும் என்னைய சரி பண்ண ஒருத்தர் வந்துருவாங்க. ஒருத்தர் எண்ணெய் சொல்வாங்க. ஒருத்தர் கோயில் பேரு சொல்வாங்க. சனிக்கிழமை ராத்திரியாச்சும் என்னைய யாரும் சரி பண்ண வேணாமே.”

யாரும் பேசவில்லை. சித்தி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் மகளுக்காகப் பால்குடம் எடுப்பவர் அவர். அந்த வேண்டுதலில் இருப்பது அன்பு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால், ‘நீ இப்போது இருக்கிறபடி போதாது’ என்ற செய்தியும் அதே அன்போடு சேர்ந்து மகள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

அமைதியைக் கலைத்தவர் என் கல்லூரித் தோழர். “எனக்கு நேர் எதிர். என் எல்ஃபுக்குக் கூர்மையான காது வேணும். மூணு மைலுக்கு அப்பால இலை விழுந்தாலும் கேக்கணும். சனிக்கிழமை ராத்திரி எனக்கு பேட்டரி மாத்துற வேலை இருக்கக்கூடாது.”

இரண்டு பேர் கேட்டதும் நியாயம்தான். ஒருவருக்குத் தன் உடலோடு அந்த உலகத்துக்குள் போக வேண்டும். மற்றவருக்கு அதிலிருந்து ஒரு ராத்திரி விடுப்பு வேண்டும். எது வேண்டும் என்று முடிவு செய்பவர் அந்தப் பாத்திரத்தை ஆடுபவராக இருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் அல்ல.

நம் கதைகளிலும் இதே கேள்வி

‘மந்திரம் இருக்கும்போது குறை எதற்கு?’ என்ற கேள்வி அமெரிக்க ஆட்டத்தோடு வந்ததல்ல. நம் புராணங்களும் இதிகாசங்களும் எத்தனையோ காலமாக இதைக் கேட்டுவருகின்றன. பெரும்பாலும் அவை தரும் பதில், குணமாக்கிவிடுவதுதான்.

அஷ்டாவக்கிரரை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கோணலான உடலோடு ஜனகரின் அவைக்குப் போய், பெரிய வித்துவானை வாதத்தில் தோற்கடித்தவர். கோணல் உடல் அவர் அறிவுக்குத் தடையில்லை என்று கதையே காட்டிவிட்டது. ஆனாலும் மகாபாரதத்தில் அவர் சமங்கை ஆற்றில் மூழ்கி எழும்போது உடல் நேராகிவிடுகிறது. சுந்தரர் வாக்குத் தவறியதற்குத் தண்டனையாகப் பார்வையை இழக்கிறார். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் அவருக்குத் திரும்புகின்றன. குறை வந்தால் தண்டனை, போனால் பரிசு என்ற கணக்கு இது.

இன்னொரு வழக்கமும் உண்டு. உடற்குறையைக் கெட்டவருக்கு அடையாளமாகக் கொடுப்பது. ராமாயணத்தில் சூழ்ச்சி செய்பவள் கூனி. தமிழில் மொழிமாற்றி நாம் பார்த்த மகாபாரதத் தொலைக்காட்சித் தொடரில் சகுனி காலை இழுத்து இழுத்து நடப்பார். கம்பர் மட்டும், சிறுவயது ராமன் விளையாட்டாக எய்த மண்ணுருண்டை தன்மேல் பட்டதைக் கூனி மறக்கவில்லை என்று ஒரு காரணம் வைக்கிறார். சூழ்ச்சிக்குக் காரணம் அவள் முதுகல்ல, பட்ட அவமானம் என்று அதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால், இதே மரபுக்குள் வேறு பதில்களும் இருக்கின்றன. குருட்சேத்திரப் போருக்கு முன் வியாசர் திருதராட்டிரனிடம் வந்து, போரைப் பார்க்கக் கண் தரவா என்று கேட்கிறார். திருதராட்டிரன் மறுத்துவிடுகிறான். தன் குலம் அழிவதைப் பார்க்க விரும்பவில்லை, நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும் என்கிறான். ஞானப்பார்வை சஞ்சயனுக்குப் போகிறது. போர்க்களம் முழுவதும் சொல்லாக அரண்மனைக்கு வருகிறது. வானொலியில் இருக்கும் எனக்கு அந்த இடம் எப்போதுமே பிடிக்கும். நான் அதில் முக்கியமாகப் பார்ப்பது வியாசர் கேட்டார் என்பதை. கண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லவில்லை. கேட்டார், மறுப்பை ஏற்றுக்கொண்டார்.

பெரியபுராணத்தில் தண்டியடிகள் என்று ஒரு நாயன்மார். திருவாரூர்க்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோயில் குளம் இடம் குறைந்து சுருங்கிவருவதை அறிந்து தாமே தோண்டத் தொடங்குகிறார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண் கூடையோடு ஏறி இறங்குகிறார். கதை கடைசியில் அவருக்குப் பார்வை கிடைப்பதில் முடிகிறது. அவரை எதிர்த்தவர்கள் பார்வையை இழக்கிறார்கள். எல்லாரும் அந்த அற்புதத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அந்தக் கயிறு. அற்புதம் நடப்பதற்கு முன்பே குளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது.

இரட்டைப் புலவர்களையும் சொல்ல வேண்டும். முதுசூரியர், இளஞ்சூரியர் என்ற இருவர். ஒருவருக்குப் பார்வை இல்லை, மற்றவரால் நடக்க முடியாது. நடக்க முடிந்தவர் மற்றவரைத் தோளில் சுமக்க, பார்க்க முடிந்தவர் வழி சொல்ல, ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் பாதிப் பாட்டைப் பாட, மற்றவர் மீதியை முடிப்பார் என்பது மரபு. தில்லைக் கலம்பகம் அவர்கள் பாடியது. நான் கேட்டு வளர்ந்த கதைகளில் அவர்களை யாரும் குணப்படுத்தவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குழு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நாற்காலிக்கும் விதி எழுதலாம்

ஆட்ட உலகிலும் இந்தக் கயிற்றைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். 2020ல் சாரா தாம்சன் என்பவர் ‘காம்பாட் வீல்சேர்’ என்ற விதித்தொகுப்பை இலவசமாக வெளியிட்டார். அவரும் உடற்குறையுள்ளவர். சக்கர நாற்காலியில் இருக்கும் வீரர் எப்படிச் சண்டை போடுவார், படிக்கட்டு வந்தால் என்ன ஆகும், நாற்காலியை எப்படி மேம்படுத்தலாம் என்று முறையாக விதி எழுதினார். ‘டிராகன் பறக்கும் உலகத்தில் சக்கர நாற்காலி நம்பும்படி இல்லை’ என்று அவரைத் திட்டியவர்கள் பலர். நெருப்பு கக்கும் பல்லியை நம்பினார்கள், சக்கரத்தை நம்ப முடியவில்லை! ஆனால் வரவேற்பும் பெரிதாக இருந்தது. புகழ்பெற்ற ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியின் கதைசொல்லி மேத்யூ மெர்சர், அந்த நாற்காலியைப் பயன்படுத்தும் டேகன் அண்டர்தார்ன் என்ற வழிகாட்டியைத் தம் கதையில் கொண்டுவந்தார்.

2021ல் வெளிவந்த ‘கேண்டில்கீப் மிஸ்டரீஸ்’ என்ற அதிகாரபூர்வ நூலில், சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஜெனிஃபர் கிரெட்ச்மர் ஒரு கதையை எழுதினார். அதில் வரும் நிலவறைக்குள் சக்கர நாற்காலியிலேயே போய்வரலாம். மேடு பள்ளம் வரும் இடங்களில் சாய்தளம் இருக்கும், மின்தூக்கி போன்ற மேடை இருக்கும். அரக்கர்களும் ஆபத்தும் வழக்கம்போல் உண்டு. படிக்கட்டு மட்டும் எதிரி இல்லை.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு எங்கள் மேசையிலும் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். புதிய கதை தொடங்குமுன் ஒரு மணி நேரம் பேச்சு மட்டும்தான். இதை ‘செஷன் ஸீரோ’ என்பார்கள். எது வேண்டும், எது வேண்டாம், எதைப் பற்றி நகைச்சுவை கூடாது என்று அவரவர் சொல்வார்கள். நாற்காலியைப் பறக்கும் நாற்காலியாக்கிப் பிரச்சினையை மறைப்பதில்லை. அது குணமாக்குவதன் இன்னொரு வடிவம். சேற்றில் அது சிக்கும், சரிவில் குதிரையை முந்தும். பார்வை இல்லாத பாத்திரம் வந்தால், மாயசக்தியால் எல்லாம் தெரியும் என்று வைப்பதில்லை. வில்லனுக்குத் தழும்பும் நொண்டலும் கொடுப்பதில்லை. பேராசை ஒன்றே போதுமான அடையாளம்.

‘ரீஜெனரேட்’ பற்றியும் பேசினோம். விதிப்படி அது ஏழாம் நிலை மந்திரம். அதைப் போட ஒரு பூசாரி 13ஆம் நிலையை எட்ட வேண்டும். எங்கள் கதையில் ஊருக்கு ஊர் அப்படிப்பட்டவர் கிடைக்கமாட்டார். ஆக மந்திரம் இருக்கும் உலகத்திலும் உடற்குறையுள்ளோர் இருப்பார்கள், அவர்களுக்குத் தச்சரும் கொல்லரும் தேவைப்படுவார்கள். உலகில் மருந்து இருப்பதும் அது ஒவ்வொருவர் கைக்கும் எட்டுவதும் வேறு வேறு என்று தாதி நண்பரே சொன்னார்.

இரண்டரை ஆண்டு கழித்து அவருடைய பூசாரி அந்த 13ஆம் நிலையை எட்டினார். புத்தகத்தைப் புரட்டியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சித்தி மகளைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு இப்ப அந்த மந்திரம் வந்துருச்சு. போடவான்னு கேக்குறேன். வேணாம்னா வேற எடுத்துக்குறேன்.”

அவள் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. “அவளுக்கு வேணாம்ணே. அந்த நாற்காலி அவ கையால செஞ்சது. ஆனா மந்திரத்த எடுத்து வெச்சுக்குங்க. நம்ம ஆளுங்க யாருக்காச்சும் கை போச்சுன்னா, அவங்ககிட்டயும் இதே மாதிரி கேளுங்க.”

தேநீர்த் தட்டோடு நின்றிருந்த சித்தி, மகள் வரைந்த படத்தை எட்டிப் பார்த்தார். பழைய தாள், ஓரம் கிழிந்திருந்தது. “ஏன்டி, இது சேத்துல போகுமா?” என்று கேட்டார். சித்தி மகள் அரை மணி நேரம் விளக்கினாள். ஆட்டம் அப்படியே நின்றது. யாருக்கும் வருத்தமில்லை.

படிக்கட்டை வைத்தது யார்?

இப்போது அந்தப் படிக்கட்டுக்கு வருகிறேன். மேசையில் ஒரு கோட்டை வாசலில் நாற்பது படி என்று நான் சொன்னால், அது என் முடிவு. சாய்தளம் என்று சொன்னாலும் என் முடிவுதான். ஊரிலும் இதே கதைதான். முடிவு எடுத்தவர்கள் நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பழைய அடுக்குமாடிகளில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. நடுமாடிக்காரர்கள் ஏறியோ இறங்கியோதான் வீட்டுக்குப் போக வேண்டும். அதை இயற்கை விதிபோல ஏற்றுக்கொண்டிருந்தோம். 2001ல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகுதான், ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்படி வீவக புளோக்குகள் மாறத் தொடங்கின. 1987ல் முதல் எம்ஆர்டி ரயில் ஓடியபோது, சக்கர நாற்காலியோடு நடைமேடைக்கு இறங்க நிலையங்களில் மின்தூக்கி இல்லை. பின்னாளில்தான் பழைய நிலையங்களில் அவை சேர்க்கப்பட்டன. 2003ல் திறந்த லிட்டில் இந்தியா நிலையம் தொடக்கத்திலிருந்தே அந்த வசதியோடு வந்தது. 2020 டிசம்பரிலிருந்து பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். இதில் எங்கும் மந்திரம் இல்லை. யாரோ கேட்டார்கள், யாரோ வரைபடத்தை மாற்றினார்கள்.

கேட்டவர்களில் ஒருவரின் பெயர் நம் இளையர்களுக்குத் தெரிய வேண்டும்: ரான் சந்திரன்-டட்லி. பார்வையை இழந்த சிங்கப்பூரர். அந்தக் காலத்தில் உடற்குறையுள்ளோரைப் பற்றிய அனைத்துலக மாநாடுகளில் மருத்துவர்களும் நிபுணர்களும் பேசுவார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுக்குச் சம இடம் இல்லை. அந்த இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் தனி அமைப்பாகத் திரண்டார்கள். அதன் முதல் உலக மாநாடு 1981ல் நம் சிங்கப்பூரில் நடந்தது. ‘டிசேபிள்ட் பீப்பிள்ஸ் இன்டர்நேஷனல்’ என்ற அந்த அமைப்பின் முதல் தலைவர் சந்திரன்-டட்லி. எங்களைக் கேட்காமல் எங்களுக்காக முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். எங்கள் மேசையில் தாதி நண்பர் கேட்ட இரண்டாவது கேள்வியும் அந்த வழியில் வந்ததுதான்.

வேலைக்குப் போகும் இளையர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நண்பர்களோடு விளையாடவோ சாப்பிடவோ ஓரிடத்தை முன்பதிவு செய்யும்போது, ‘வாசலில் படி உண்டா, மின்தூக்கி உண்டா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் குழுவில் யாருக்கும் தேவையில்லாவிட்டாலும் கேளுங்கள். பலர் கேட்டால்தான் அது தேவை என்று கடைக்காரருக்குத் தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளை தாளும் பகடையுமாக உட்கார்ந்து, செவித்துணைக் கருவி அணிந்த மந்திரவாதியையோ நாற்காலியில் வரும் வீரரையோ வரைந்து காட்டலாம். “ஏன் இப்படி?” என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். சித்தி கேட்டதுபோல, “இது சேத்துல போகுமா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாகத்தான் இருக்கும். தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள்.